தென்னாற்காடு என்று தேடுங்கள்

கடலூர்த் துறைமுகம் பற்றி ஆய்வேடு எழுதும் மாணவி ஒருவர், "நூலகப் பட்டியலில் 'கடலூர் மாவட்டம்' என்று தேடினேன் சார், பழைய புத்தகம் ஒன்றுகூட இல்லை" என்றார். எப்படி இருக்கும்? கடலூர் மாவட்டம் தனியாகப் பிரிந்ததே 1993இல்தான். அதற்கு முன் எழுதியவர்களுக்கெல்லாம் இது தென்னாற்காடு. ஆங்கிலத்தில் 'சவுத் ஆற்காட்' என்று தட்டினால்தான் 1878இல் கார்ஸ்டின் எழுதிய மாவட்டக் கையேடும், 1906இல் பிரான்சிஸ் எழுதிய கெஜட்டியரும் பிடிபடும். பரங்கிப்பேட்டையைப் 'போர்ட்டோ நோவோ' என்று தேட வேண்டும். தேவனாம்பட்டினத்துக் கோட்டைக்குப் 'போர்ட் செயின்ட் டேவிட்'.

ஆள் பெயரிலும் இதே சிக்கல். 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் உ.வே.சா. நாம் வழக்கமாக எழுதும் ஆங்கிலத்தில் அவர் பெயர் 'எஸ்'ஸில் தொடங்கும். தமிழ் எழுத்தை அப்படியே ரோமன் எழுத்துக்கு மாற்றும் நூலகங்களில் 'சி'யில் போய் நிற்கும். இரண்டையும் தேடாதவருக்குப் பாதிப் புத்தகம் கண்ணில் படாது.

பொருத்தமான நூல் ஒன்று அகப்பட்டால் அதோடு நகர்ந்துவிடாதீர்கள். அதன் முழுப் பதிவையும் திறந்தால், அடியில் பொருள் தலைப்பு என்று ஒரு வரி இருக்கும். பதிவு செய்தவர் அந்த விஷயத்துக்கு வைத்த பெயர் அது. அதைச் சொடுக்கினால், நம் ஊகத்துக்கு எட்டாத நூல்களும் வரிசையாக வரும். பிறகு பகுப்பெண்ணைக் குறித்துக்கொண்டு அலமாரிக்குப் போங்கள். டூயி முறையில் அடுக்கிய நூலகமானால் தமிழ்நாட்டு வரலாறு 954.82. தேடிய நூலை எடுத்ததும் இடமும் வலமும் இருப்பவற்றையும் புரட்டிப் பாருங்கள். ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது. அங்கும் பழைய பெயர்களைப் போட்டுத்தான் தேட வேண்டும்.

ஆனால் இத்தனை பெயர்களையும் ஒரு மாணவி தானே அறிந்திருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? கொள்ளிடத்துக்கு அக்கரையில், சீர்காழியில் 1892இல் பிறந்தவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1934இல் பட்டியல் விதிகளை நூலாக்கினார். வாசகர் எந்தப் பெயரைச் சொல்லி வந்தாலும் சரியான இடத்துக்கு அனுப்பும் குறுக்குக் குறிப்புகளுக்கு அதில் இடம் உண்டு. 'கடலூர் மாவட்டம்: தென்னாற்காடும் காண்க' என்று ஒரு வரி போதும். இன்றைய கணினிப் பட்டியல்களிலும் அதைச் சேர்க்க வசதி இருக்கிறது. பெயர்களைத் திரட்டித் தர உள்ளூர் வரலாறு தெரிந்த ஆசிரியர் ஒருவரும், பதிவேற்ற நூலக ஊழியர் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் முடிகிற வேலை. சீர்காழிக்கு இத்தனை அருகில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகமே இதைத் தொடங்கலாம். முதல் பதிவாகப் பரங்கிப்பேட்டையை வைத்துக்கொள்ளட்டும்.