ஈவ் டீசிங்காம்ல!

மக்களே, ரொம்ப நாளா ஒரு வார்த்தை உறுத்திக்கிட்டே இருக்கு. ஈவ் டீசிங். லண்டன்காரன்கிட்ட போய்ச் சொன்னா திருதிருன்னு முழிப்பான். இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் பக்கம் மட்டும் புழங்கற இங்கிலீஷ் இது. அவனைப் பொறுத்தவரை 'டீஸ்' என்பது அக்கா சடையைப் பிடிச்சு இழுக்கற தம்பி பண்றது. நாம என்னடான்னா, பஸ்ஸில் முன்பின் தெரியாத பெண் மேல கை வைக்கறதுக்கும் அதே பேரை வெச்சிருக்கோம்.

சரி, அந்த ஈவ் யாரு? நம்ம ஏவாள். பழத்தைக் கொடுத்து ஆதாமைக் கெடுத்தவள்னு பேர் வாங்கினவள். ஆக, பாதிக்கப்பட்டவளுக்கு மயக்குகிறவள்னு பட்டம். செஞ்சவனுக்கு விளையாட்டுப்பிள்ளை சர்டிஃபிகேட். அவன் அந்த வார்த்தையிலேயே இல்லை, கவனிச்சீங்களா?

"வெறும் வார்த்தைதானே சார்"னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. எங்க பொழப்புல, டேட்டாவையே அழிக்கற ஒரு பக்கை 'மைனர்'னு பதிஞ்சு வெச்சுப் பாருங்க. ஆறு மாசம் ஆனாலும் ஒருத்தன் எட்டிப் பார்க்க மாட்டான்.

1998-ல் சென்னையில், ஆட்டோவில் வந்த கும்பலின் அட்டூழியத்தால் கீழே விழுந்து தலையில் அடிபட்டு ஒரு கல்லூரி மாணவி இறந்துபோனார். அதையொட்டி அதே வருஷம் தமிழக அரசு கொண்டுவந்த சட்டத்தின் பேர் என்ன தெரியுமா? ஈவ் டீசிங் தடைச் சட்டம்! ஒரு உயிரே போயிருக்கு, அது 'டீசிங்'காம். அப்புறமா பேரை மாத்தி, பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் ஆக்கினாங்க. நல்ல காரியம்.

2012-ல் சுப்ரீம் கோர்ட் இன்னொரு தமிழ்நாட்டு வழக்கில், இந்த வார்த்தை வெறும் பூசிமெழுகல்னு எழுதிச்சு. தென்காசியில் ஒரு பெண்ணிடம் தப்பா நடந்துகிட்ட போலீஸ்காரர் சம்பந்தப்பட்ட வழக்கு அது. கூத்து என்னன்னா, அதே தீர்ப்பில் பஸ் ஸ்டாண்ட், தியேட்டர்ல எல்லாம் மஃப்டியில் பெண் போலீஸ் போடச் சொன்ன உத்தரவுகளிலும் 'ஈவ் டீசிங்'தான்!

உடனே "இங்கிலீஷை விடு, தமிழ்ல சொல்லு"ன்னு கொடி பிடிக்காதீங்க. நம்ம பேப்பர்க்காரங்க லட்சணம் தெரியாதா? 'சிறுமியிடம் சில்மிஷம்'. 'மாணவியிடம் பாலியல் சீண்டல்'. எங்க வீட்டு மூணு வயசு வாண்டு டிவி ரிமோட்டைத் தலையணைக்கு அடியில ஒளிச்சு வைக்கறானே, அதுக்குப் பேருதான்யா சில்மிஷம்.