கோபத்தோடு செபிக்கலாமா?



தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத் தொட்டியருகே முழந்தாட்படியிடும் நம்மில் பலர் தவறாமற் சொல்லும் வாக்கியம் ஒன்றுண்டு: "கோபப்பட்டேன், சுவாமி." யார்மீது, எதன்பொருட்டு, அதனால் வீட்டில் யார் அழுதார்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறோம். ஆண்டுதோறும் அதே வாக்கியத்தை அதே குரலில் ஒப்புவித்துவிட்டு வீடு திரும்புகிறோம். கோபமும் கூடவே திரும்பி வருகிறது.

கோபம் உள்ளத்தில் எழுவதே பாவம் என்று எண்ணுவோர் உளர். அது சரியன்று. தொழுகைக்கூடத்தில் கை சூம்பிய ஒருவரைக் குணமாக்கிய வேளையில், தம்மீது குற்றங்காணக் காத்திருந்தோரை இயேசு சினத்துடன் நோக்கினார் என்றும், அவர்களது கல்நெஞ்சத்தைக் கண்டு வருந்தினார் என்றும் மாற்கு நற்செய்தியின் 3ஆம் அதிகாரம் கூறுகின்றது. அந்தச் சினத்தோடு துயரம் இருந்தது. பழிவாங்கும் ஆசை இருக்கவில்லை. நமது கோபம் பெரும்பாலும் இவ்விடத்திலேதான் வழிதவறுகின்றது.

மறைநூலிலே கோபங்கொண்ட இருவரை அருகருகே வைத்துப் பாருங்கள். காணிக்கை ஏற்கப்படாததால் காயின் முகம்வாடி நின்றான். அப்போது அவன் கொலை எதுவும் செய்திருக்கவில்லை. கடவுளே அவனிடம் ஏன் இந்தச் சினம் என்று கேட்டார். வாயிலிலே பாவம் பதுங்கியிருக்கிறது, அதை நீ அடக்கியாளவேண்டும் என எச்சரித்தார். காயின் அதற்கு ஒரு வார்த்தையேனும் மறுமொழி கூறியதாகத் தொடக்கநூல் சொல்லவில்லை. கடவுளிடம் பேசாத வாய் தம்பியிடம் பேசியது. வயல்வெளிக்கு வரும்படி அழைத்தது.

யோனாவின் கதை வேறு. நினிவே மக்கள் மனந்திரும்பினார்கள், கடவுளும் அவர்களை அழிக்காது விட்டார். இறைவாக்கினருக்கு அதுவே பெருங்கோபம். நீர் இரக்கமுள்ளவர் என்பது தெரிந்துதான் தர்சீசுக்கு ஓடினேன், இனி என் உயிரை எடுத்துவிடும் என்று கடவுளோடு சண்டை பிடித்தார். அதையும் மன்றாட்டு என்றே மறைநூல் குறிப்பிடுகின்றது. கடவுள் அவரைத் தள்ளிவிடவில்லை. ஆமணக்குச் செடியொன்றை முளைக்கச் செய்து நிழல் கொடுத்தார். மறுநாள் அதைப் பட்டுப்போகச் செய்து, பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல் அவரோடு உரையாடினார். கோபம் ஆறியபின் செபிப்போம் என்று யோனா காத்திருந்தால் அந்த உரையாடல் நடந்தே இராது.

திருப்பாடல்களிலும் இத்தகைய குரல்கள் உண்டு. 58, 83, 109ஆம் திருப்பாடல்கள் சாபமொழிகளின் பொருட்டு இன்றைய திருப்புகழ்மாலையில் இடம்பெறுவதில்லை. அதில் நியாயம் உண்டு. ஆயினும் விவிலியத்தில் அவை இருக்கவே செய்கின்றன. பகைவரின் பற்களை உடைத்துவிடும் என்று கடவுளிடம் முறையிட்டவர், அந்த வேலைக்குத் தாமே புறப்பட்டுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நமது ஊர்களிலே கோபம் வேலியிலும் கிணற்றடியிலுந்தான் அதிகம் வளர்கிறது. எல்லைக் கதியாலைத் தள்ளி நட்டதற்காகவும், பங்குக் கிணற்றில் முறை தவறியதற்காகவும், சீதனமாய் எழுதிய வீட்டுக்காகவும் பேசாமற்போன சகோதரர்கள் எத்தனைபேர்! ஞாயிறு திருப்பலியில் சமாதானம் தெரிவிக்கும்போது இருபுறமும் திரும்பிக் கைகூப்புகிறோம். யாரை நோக்கிக் கைகூப்ப வேண்டுமோ அவர் ஆலயத்தின் மறுபக்கத்தில் இருக்கிறார். அந்தப் பக்கம் மட்டும் நமது தலை திரும்புவதில்லை. காணிக்கையைப் பீடத்தின் முன் விட்டுவிட்டுச் சென்று முதலில் ஒப்புரவாகுமாறு ஆண்டவர் பணித்தபோது, பிழை யாருடையது என்று கேட்கவில்லை. சகோதரனுக்கு நம்மேல் மனத்தாங்கல் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கச் சொன்னார்.

அப்படியாயின் அநீதியைச் சகித்துக்கொண்டு மௌனமாயிருப்பதா? அன்று. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று நமது ஆலயங்களில் குண்டுகள் வெடித்தபின், கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை பழிவாங்கவேண்டாம் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். மறு ஆண்டின் உயிர்ப்புத் திருவிழாவில் மன்னிப்பையும் அறிவித்தார். அதேவேளை, உண்மை வெளிவரவேண்டும் என்று கேட்பதை அவர் நிறுத்தவில்லை.

இனி வீட்டுக்கு வருவோம். 1609இல் வெளிவந்த தமது பக்தி வாழ்வு பற்றிய நூலில் புனித பிரான்சிஸ் சலேசியார் எளிய வழியொன்றைக் கூறுகிறார். கோபம் பொங்கும்போது, புயலில் அகப்பட்ட சீடர்களைப்போல் ஆண்டவரைக் கூப்பிடவேண்டும். கோபித்துவிட்டோம் என்று உணர்ந்தால், அதே ஆளுக்கு உடனே கனிவான செயலொன்றைச் செய்யவேண்டும். நாளை என்று தள்ளிவைத்தால் அது பெரும்பாலும் நடப்பதில்லை. திருத்தந்தை பிரான்சிஸும் 2016இல் குடும்ப அன்பு பற்றி எழுதிய மடலில், சமாதானமாகாமல் நாளை முடிக்கவேண்டாம் என்றார். அதற்கு முழங்காலில் விழத் தேவையில்லை, சொற்களின்றி அன்பாய் ஒருமுறை தடவிக்கொடுத்தாலே போதும் என்பது அவரது எண்ணம். மன்னிப்புக் கேட்க நாவெழாத நமது தந்தையருக்கு இது நல்ல ஆலோசனை.

இன்றிரவு செபமாலைக்கு அமரும்போது, நீங்கள் பேசாதிருக்கும் அந்த ஒருவரின் பெயரைப் பிள்ளைகள் கேட்கும்படி சொல்லி ஒரு பத்து மணியை ஒப்புக்கொடுங்கள். பெயரைச் சொல்கையில் தொண்டை அடைக்கலாம். உள்ளே பழைய கோபம் கிளரலாம். யோனாவைப்போல் அதையும் ஆண்டவரிடமே சொல்லிவிட்டு அடுத்த மணிக்குச் செல்லுங்கள்.