பாலம் கடப்போர் மீது பழி

ஜொகூர் பாலத்தைக் கடந்து நாள்தோறும் சிங்கப்பூருக்குச் செல்லும் பெருங்கூட்டத்தில் மருத்துவரும் பொறியாளரும் செவிலியரும் கணக்காளரும் உளர். நாட்டுச் சோற்றை உண்டு அயலாருக்கு உழைக்கும் நன்றி மறந்தோர் என்று இவர்களை மேடைகளில் பழிப்போர் பலர். அப்பழி உண்மைக் குற்றத்தை மறைக்கும் திரையே அன்றி வேறன்று.

நாணய வீழ்ச்சியே காரணம் என்பர் சிலர். 1973 வரை இருநாட்டு நாணயங்களும் சரிநிகராய் மாற்றப்பட்டன. 1997-இல் எழுந்த ஆசிய நிதி நெருக்கடி ரிங்கிட்டை வீழ்த்தியது. 2024 பிப்ரவரியில் அமெரிக்க டாலருக்கு எதிராக ரிங்கிட் 1998-க்குப் பின் காணாத அளவு தாழ்ந்தபோது, ஒரு சிங்கப்பூர் வெள்ளி ஏறத்தாழ மூன்றரை ரிங்கிட்டாயிற்று. நெருக்கடி கதவைத் திறந்தது மெய்தான். ஆயினும் வீட்டில் தனக்கென ஓர் இடம் உள்ளவன், கதவு திறந்ததனால் மட்டும் வெளியேறுவானா?

வெளிநாடுகளில் வாழும் மலேசியர் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர், அவருள் பாதிக்கு மேற்பட்டோர் சிங்கப்பூரில் உள்ளனர் என்று உலக வங்கி 2011-இல் கணித்தது. ஊதியத்தோடு, முன்னேறும் வாய்ப்பின்மையையும் சமூக அநீதியையும் அது காரணங்களாகச் சுட்டியது.

மருத்துவர் நிலையே இதற்குச் சான்று. 2016 இறுதி முதல் இளம் மருத்துவர் அரசுப் பணியில் ஒப்பந்த முறையில் அமர்த்தப்பட்டனர். நிரந்தரப் பணியும் நிபுணத்துவப் பயிற்சியும் பலருக்கு எட்டாக்கனியாயின. 2021 ஜூலை 26-இல், பெருந்தொற்றின் நடுவே, அவர்கள் நாடெங்கும் பணியிடத்தினின்று வெளிவந்து நியாயம் கேட்டனர். குளுவாங்கிலும் சிகாமட்டிலும் பால்மரம் சீவிய பெற்றோர் நகையை அடகு வைத்துப் படிக்கவைத்த பிள்ளை, நாளை வேலை உண்டோ இல்லையோ என்று தவிப்பதுதான் நன்றிக்கு அடையாளமா?

திறனாளரை மீட்க 2011-இல் டேலண்ட் கார்ப் அமைக்கப்பட்டது. தாயகம் திரும்பும் வல்லுநர்க்கு ஐந்தாண்டுகள் 15 விழுக்காட்டு வருமான வரி என்னும் சலுகையும் வந்தது. போய்த் திரும்பியவர்க்குப் பரிசு உண்டு. போகாமல் இங்கேயே இரவு பகலாய் உழைத்தவர்க்கு என்ன உண்டு? இருப்பவரைப் பேணாது, சென்றவரை விலை கொடுத்து அழைப்பது ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதேயாகும்.

இழப்போ, அரசு மருத்துவமனை வரிசையில் காத்திருக்கும் ஏழையினுடையது. தனியார் மருத்துவமனைக்குச் செல்ல அவனிடம் பொருளில்லை. பாலம் கடக்கப் பட்டமுமில்லை.

நிரந்தரப் பணி, தகுதிக்கேற்ற உயர்வு, வாழத்தக்க ஊதியம் ஆகிய மூன்றும் வழங்கப்படட்டும். அதன் பின்னும் ஒருவர் பாலம் கடப்பாராயின், நன்றியைப் பற்றி அன்று பேசலாம்.