இயங்கலை வாக்கெடுப்பு: பொத்தான் யார் கையில்?

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, ஆலயங்கள், பொது இயக்கங்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் எனப் பலவற்றின் ஆண்டுக் கூட்டங்கள் தடைபட்டன. பிறகு சில அமைப்புகள் இயங்கலைக்கு மாறின. கட்டுப்பாடு போய்விட்டது, பழக்கம் போகவில்லை. திரையில் கூடிப் பேசுவதில் தவறில்லை. வாக்கெடுப்பும் திரைக்கு வரும்போதுதான் சிக்கல்.

மண்டபத்தில் கூட்டம் என்றால் வாசலில் ஒரு மேசை இருக்கும். அடையாள அட்டையைச் சரிபார்த்து, சந்தா கட்டியவருக்கு வாக்குச் சீட்டு தருவார்கள். இயங்கலையில் அந்த மேசை, ஒலிவாங்கி, வாக்குப் பெட்டி மூன்றும் ஒரே ஆளின் கணினிக்குள் போய்விடுகின்றன. ஸூம் செயலியில் காத்திருப்பு அறையிலிருந்து உள்ளே விடுவதும், ஒலியை அடைப்பதும், வெளியேற்றுவதும், வாக்கெடுப்பைத் தொடங்கி முடிப்பதும் கூட்டத்தை நடத்துபவர் கையில். அவரே அன்றைய தேர்தலில் வேட்பாளராகவும் இருந்தால்? அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் தோற்றவர் அதை நம்ப வேண்டுமே.

அடுத்தது எண்ணிக்கை. செயலி ஆளை எண்ணுவதில்லை, கருவியை எண்ணுகிறது. தோட்டத்து வீட்டில் தந்தையும் மகனும் உறுப்பினர்கள், கைப்பேசி ஒன்றுதான் என்றால் இருவருக்கும் சேர்த்து ஒரே வாக்கு. பட்டணத்தில் ஒருவர் கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் நுழைந்து, பெயரை யாரும் சரிபார்க்காவிட்டால் அவருக்கு இரண்டு வாக்கு. புலனக் குழு வாக்கெடுப்பில் யார் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பது அனைவருக்கும் தெரியும். பின்னர் மாற்றவும் முடியும். விருந்துக்கு நாள் குறிக்க அது போதும், தலைவரைத் தேர்ந்தெடுக்கப் போதாது. கூகுள் படிவத்திலோ, திருத்தும் உரிமை உள்ளவர் வாக்குகள் வர வரப் பார்க்கலாம், நீக்கவும் செய்யலாம்.

இது வெறும் தொழில்நுட்பப் பேச்சல்ல. 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டப்படி, ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் பொறுப்பாளர் விவரங்களைப் பதிவிலாகாவிடம் ஒப்படைக்க வேண்டும். முறையான பொறுப்பாளர் யார் என்ற தகராறு தீராவிட்டால் சங்கத்தின் பதிவே ரத்தாகலாம்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. முதலில், சங்க விதிகள் இயங்கலை வாக்கெடுப்புக்கு இடம் தருகின்றனவா என்று பார்க்க வேண்டும். வாக்காளர் பட்டியலைக் கூட்டத்துக்குச் சில நாள் முன்பே மூடி, உறுப்பினர்களுக்கு அனுப்பிவிட வேண்டும். பொத்தானை வேட்பாளர் அல்லாத ஒருவரிடம் கொடுத்து, இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொரு பார்வையாளரைப் பக்கத்தில் அமர்த்தலாம். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தனிக் குறியீடு தரலாம். முடிவை அறிவிக்கும் முன், பட்டியலில் எத்தனை பேர், பதிவான வாக்கு எத்தனை என்று வாசித்துவிட வேண்டும்.

கைப்பேசியோ இணையத் தொடர்போ இல்லாதவருக்கு ஆலய மண்டபத்தில் ஒரு வாக்குப் பெட்டி வைக்கலாம். 2022இல் பிகேஆர் கட்சியே தன் தேர்தலில் நேரடியாகவும் செயலி வழியாகவும் வாக்களிக்க இடம் தந்தது. இரு வழியும் இருந்தால், ஒரே ஆள் இரண்டிலும் வாக்களிக்காதபடி ஒரே பட்டியலில் குறித்துக்கொள்வது கட்டாயம்.

சந்தா கட்டும் வரிசையில் எல்லாரும் சமம். வாக்களிக்கும்போது மட்டும் நல்ல கைப்பேசி வைத்திருப்பவர் முந்திக்கொள்ள விடக்கூடாது. அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கான அழைப்பு வந்ததும், "பொத்தான் யார் கையில்?" என்று உறுப்பினர்கள் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.