500 மீட்டர் தூரம்

சந்திரனில் இறங்கி 500 மீட்டர் தூரம் போய்க் காட்டினால் இரண்டு கோடி டாலர் பரிசு! கூகிள் கம்பெனியாரின் பொருளுதவியுடன் எக்ஸ் பிரைஸ் என்னும் அமெரிக்க ஸ்தாபனம் 2007-ல் இப்படி ஒரு பந்தயத்தை அறிவித்தது. போகவேண்டியது மனிதன் அல்ல, யந்திரம். அங்கிருந்து படங்களும் அனுப்பவேண்டும். செலவில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் சர்க்கார் பணம் கலக்கக் கூடாது.

கணக்குச் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கும் எனக்கு முதலில் வரவு செலவில்தான் புத்தி போகிறது. பந்தயத்தில் சேர்ந்த இஸ்ரேல் கோஷ்டியாருக்குக் கடைசியில் ஏறக்குறையப் பத்துக் கோடி டாலர் செலவாயிற்று. இரண்டு கோடிப் பரிசுக்குப் பத்துக் கோடி முதல்! அப்படியிருந்தும் 2017-ல் ஐந்து கோஷ்டிகள் களத்தில் நின்றன.

அவற்றில் பெங்களூர் டீம் இண்டஸும் ஜப்பானின் ஹக்குட்டோவும் செய்துகொண்ட ஏற்பாடுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஜப்பானியரிடம் நான்கு கிலோ எடையில் வண்டி இருந்தது. சந்திரனில் இறங்கக் கலம் இல்லை. பெங்களூர்க்காரர் தங்கள் கலத்திலேயே அதையும் ஏற்றிச் செல்லச் சம்மதித்தார்கள். பந்தயத்துக்குப் புறப்பட்டவன் எதிராளியையும் தன் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்ட மாதிரி! வியாபார ஒப்பந்தந்தான், இருந்தாலும் அழகு அழகுதானே?

ஆனால் வண்டி கிளம்பவில்லை. போதிய பணம் சேராமல் 2018 ஜனவரியில் அந்த ஏற்பாடு கலைந்தது. மற்றக் கோஷ்டிகளாலும் கெடுவுக்குள் புறப்பட முடியவில்லை. மார்ச் 31-ந் தேதி வந்து போயிற்று. பரிசுப் பணம் கொடுக்க வந்தவரிடமே தங்கிவிட்டது. எல்லாம் வீண் பிரயாசை என்றுதான் அன்று நானும் நினைத்தேன்.

பரிசு போன பிறகும் சிலர் வேலையை விடவில்லை. இஸ்ரேல் கலம் 2019 ஏப்ரலில் சந்திரனில் விழுந்து நொறுங்கியது. ஜப்பானியர் ஐஸ்பேஸ் என்ற கம்பெனியின் பேரால் சொந்தக் கலமே கட்டி அனுப்பினார்கள். 2023 ஏப்ரலில் அது இறங்கும் வழியில் ஒரு பெரும் பள்ளத்தின் விளிம்பு குறுக்கிட்டது. விளிம்பைத் தாண்டியதும் உயரமானி திடீரென்று மூன்று கிலோமீட்டர் அதிகமாகக் காட்டிற்று. கருவி சொன்னது சத்தியம். கலத்தின் கணிதப் பொறியோ அதைக் கோளாறு என்று தள்ளிவிட்டது! தரைக்கு வந்துவிட்டதாக அது எண்ணியபோது, தரை இன்னும் ஐந்து கிலோமீட்டர் கீழே இருந்தது. எரிபொருள் தீர்ந்து, கலம் கல்லைப்போல் விழுந்தது.

2025 ஜூனில் மறுபடியும் போனார்கள். இந்தத் தடவை உயரத்தைச் சொல்லும் கருவி தாமதமாகச் சொல்லிற்று. வேகம் போதிய அளவு தணியுமுன் கலம் மோதிவிட்டது. உள்ளே ஐந்து கிலோ எடையுள்ள வண்டி ஒன்று; அதில் ஸ்வீடன் தேசத்துச் சித்திரக்காரர் ஒருவரின் சிவப்பு வீடு, உள்ளங்கை அளவில். அடுத்த கலத்தின் வேலையை நிறுத்தப்போவதில்லை என்று கம்பெனியார் தெரிவித்தார்கள்.