மண்ணைச் சோதித்தபின் உரம்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் செம்மண் மிகுதி. மண்ணிலுள்ள இரும்பு ஆக்சைடே அச்சிவப்பு நிறத்திற்குக் காரணம். அத்தகைய மண்ணில் செடிக்கு இரும்புச்சத்துக் குறையுமா? குறையும். சுண்ணாம்பும் காரத்தன்மையும் மிகுந்த நிலத்தில், இரும்பு இருந்தும் வேருக்குக் கிட்டுவதில்லை. நிலக்கடலையின் இளந்தளிர்கள் அங்கு வெளுத்து நிற்கும்.

இதனை அறியாதோர், இலை மஞ்சளித்த உடனே யூரியாவை அள்ளித் தூவுகின்றனர். தழைச்சத்துக் குறைந்தால் முதிர்ந்த இலைகளே முதலில் மஞ்சளிக்கும். இரும்பு குறைந்தாலோ, இளந்தளிர்களில் நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பகுதி வெளுக்கும். நோய் ஒன்றாக, மருந்து வேறாக இருந்தால் பணம் வீணாகும். செடி உண்ணாத உரம் நிலத்தடி நீரிலும் கலக்கும். ஆதலால், நான்கு செடிகள் உள்ள வீட்டுத் தோட்டமாயினும் மண்ணைச் சோதித்தபின் உரமிடுவதே முறை. கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றும் வழக்கம் தமிழர் வீடுகளில் உண்டு. அது பொருந்துமா என்பதும் மண்ணின் தன்மையைப் பொறுத்ததே.

சில சோதனைகளை வீட்டிலேயே செய்யலாம். உலர்ந்த மண்ணில் சில துளி வினிகர் விட்டால் நுரை எழுமாயின், அதில் சுண்ணாம்பு உண்டு. ஒரு பங்கு மண்ணை இரண்டரைப் பங்கு காய்ச்சி வடித்த நீரில் கலக்கித் தெளியவைத்து, பி.எச். தாளைத் தோய்த்தால் அமிலமா காரமா என்பது தெரியும். 7 என்பது நடுநிலை. ஆழ்துளைக் கிணற்று நீர் இதற்கு உதவாது. அந்நீரே காரமாக இருப்பின் விடை பிழைபடும்.

தழை, மணி, சாம்பல் சத்துகளின் அளவை இவை கூறா. கடைகளில் கிடைக்கும் வண்ணச் சோதனைப் பெட்டிகளும் தோராயமாகவே கூறும். துல்லியம் வேண்டுமெனில் ஆய்வுக்கூடமே வழி. 2015 பிப்ரவரி 19 அன்று இந்திய அரசு தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில், உழவர் நிலத்து மண் 12 அளவுகளில் ஆராயப்படுகிறது. பேரூட்டங்களோடு இரும்பு, துத்தநாகம், போரான் முதலியனவும் அவற்றுள் அடங்கும்.

ஆயினும், ஆய்வுக்கூடம் காண்பது அனுப்பப்படும் அரைக் கிலோ மண்ணை மட்டுமே. எருக்குவியலின் அடியில் எடுத்த மண் தோட்டம் முழுவதற்கும் சான்றாகாது. ஐந்தாறு இடங்களில் மேற்குப்பையை நீக்கி, 15 சென்டிமீட்டர் ஆழம்வரை மண் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்துதல் வேண்டும். கலப்பதற்குப் பிளாஸ்டிக் வாளியே ஏற்றது. துத்தநாகம் பூசிய இரும்பு வாளியில் கலந்தால், வாளியின் துத்தநாகமும் மண்ணின் கணக்கில் ஏறிவிடும்.