சாயம் வெளுத்த பிறகு

ஒரு திரைப்படத்தில் ஆபாசமில்லை, அடிதடியில்லை என்றால் அது குழந்தைகளுக்கு உகந்தது என்று முத்திரை குத்திவிடுவது நம்மவர் வழக்கம். நஞ்சில்லை என்பதனாலேயே ஓர் உணவு சத்துணவாகிவிடுமா? இதற்கு மாறாக, கதையில் ஒரு களவு வந்துவிட்டால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று பதறுவோரும் உளர். இவ்விரு சாராரின் அளவுகோலும் பிழையானது என்பதே என் துணிபு.

அண்மையில் மத்தூரில் என்னிடம் பயிலும் சிறார்க்கு ‘தி புளூ அம்ப்ரெல்லா’ என்னும் இந்திப் படத்தைக் காட்டினேன். வீட்டில் உருது பேசும் பிள்ளைகளுக்கு மொழி தடையாகவில்லை. ஏனையோர்க்கு இடையிடையே விளக்கினேன். ரஸ்கின் பாண்ட் சித்திரங்களுடன் தந்த சிறுநூலை விஷால் பரத்வாஜ் படமாக்கினார். 2005-ஆம் ஆண்டின் சிறந்த குழந்தைகள் படத்திற்கான தேசிய விருதை அது பெற்றது. மலைக்கிராமத்துச் சிறுமி ஒருத்தி, தன் கழுத்தணியை வெளியூர்ப் பயணிகளிடம் கொடுத்து நீலக்குடை ஒன்றைப் பெறுகிறாள். அவ்வூர்க் கடைக்காரர் அதன்மீது தீராத ஆசை கொள்கிறார். இதுவே கதையின் வித்து.

படம் முடிந்ததும் பெற்றோர் ஒருவர், “ஹஜ்ரத், திருட்டைக் கற்றுக்கொடுக்கவா பிள்ளைகளை அழைத்தீர்கள்?” என்றார். நூலைப் படித்திருந்த நண்பரோ, “மூலத்தில் இல்லாததைச் சேர்த்துக் கெடுத்துவிட்டார்கள்” என்றார்.

நண்பர் சொன்னதில் பாதி உண்மை. நூலில் குடையைப் பறிக்க முயலும் கடைப்பையன் பிடிபடுகிறான்; களவு நிறைவேறவில்லை. படத்திலோ குடை களவு போகிறது. கடைக்காரர் அதற்குச் சிவப்புச் சாயமேற்றித் தமதென்று ஊரில் உலா வருகிறார். மழை பெய்கிறது; சாயம் வெளுக்கிறது. ஊர் அவரை ஒதுக்குகிறது, கடை வெறிச்சோடுகிறது. ஆனால், இம்மாற்றம் கதையைக் கெடுத்ததா? இல்லை, அதற்குக் கனம் சேர்த்தது. குற்றம் அரைகுறையானால் மன்னிப்பும் அரைகுறையாகத்தானே இருக்கும்?

அரபு அறிஞர்கள் ‘கிப்தா’ என்றும் ‘ஹஸத்’ என்றும் இரண்டைப் பிரித்துரைப்பர். பிறரிடமுள்ளது போன்ற ஒன்று தனக்கும் வேண்டுமென விழைவது முன்னது. அது பிறரிடமிருந்து நீங்க வேண்டுமென விரும்புவது பின்னது. முதற்படியில் நின்ற மனிதர் எவ்வாறு இரண்டாம் படிக்குச் சறுக்குகிறார் என்பதைக் கடைக்காரராக வரும் பங்கஜ் கபூரின் முகம் காட்டுகிறது. அடுத்த வீட்டுப் பையனின் புதுச் சைக்கிளைக் கண்டு ஏங்காத பிள்ளை எவன்? தன் நெஞ்சின் ஏக்கத்தைத் திரையில் கண்டறிவது அவனைக் கெடுக்காது, எச்சரிக்கும்.

யூசுஃப் நபியின் வரலாற்றை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லாமலா இருக்கிறோம்? உடன்பிறந்தோரின் பொறாமையும், பொய்க் குருதி தோய்ந்த சட்டையும் அங்கு மறைக்கப்படவில்லை. அவை இல்லையேல், பின்னர் அவர் அவர்களை மன்னித்ததன் பெருமை எவ்வாறு விளங்கும்?

படத்தில் குறையே இல்லை என்பேனல்லேன். சிறுநூலின் சுருக்கம் அதிலில்லை. மலைக்காட்சிகளும் ஆடல்பாடலும் சிலவிடங்களில் கதையைத் தேக்குகின்றன. எனினும் முடிவு பழுதற்றது. ஊரே விலக்கிய கடைக்கு அச்சிறுமி தானே செல்கிறாள். திரும்புகையில் குடையை அங்கேயே விட்டுவிடுகிறாள். அவர் கூப்பிட்டுக் கொடுத்தபோதும் ஏற்க மறுக்கிறாள்.

“திருடியவருக்கே ஏன் கொடுத்தாள்?” என்று எட்டு வயது மாணவன் ஒருவன் என்னைக் கேட்டான். படம் அதற்கு விடை சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மறுநாளும் அவன் அதே கேள்வியோடு வந்தான். குழந்தைகள் படத்திற்கு நான் வைக்கும் அளவுகோல் இதுவே: பார்த்த பிள்ளை அதை வீட்டிற்கு எடுத்துச் செல்கிறதா?

திருடியவனைக் காட்டாதீர்கள் என்போரே, அவனை மன்னித்தவளையும் அல்லவா நீங்கள் மறைக்கிறீர்கள்! தவறியவனை ஒதுக்கிவைக்க நம் ஊர்களில் யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் அதை நம்மைப் பார்த்தே கற்றுவிடுகிறார்கள். அவன் வாசற்படியை மீண்டும் மிதிக்கத்தான் ஒருவர் கற்றுத்தர வேண்டியிருக்கிறது.